புதுப்பூனை வந்த வளவு

எங்கள் பக்கத்து வீடுகளில் பூனை தனியாக இருப்பதில்லை. படலையடியில் ஒரு நாய், அடுப்படிக்குப் பின்னால் கோழிக்கூடு, வேலியோரம் இரண்டு மூன்று ஆடு, விறாந்தைச் சாக்குக் கட்டிலில் ஏற்கெனவே சுருண்டு படுத்திருக்கிற ஒரு கிழட்டுப் பூனை. இவ்வளவும் இருக்கிற வளவுக்குள்தான் புதிதாக ஒன்று வந்து சேர்கிறது. பூனை பழக்குவது பற்றிக் கிடைக்கிற அறிவுரைகள் பெரும்பாலும் கதவு சாத்திய மாடிவீட்டை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் எங்கடை பிள்ளைகளுக்கு அவை அப்படியே பொருந்தும். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான புத்தூரில் விடியத் திறக்கிற குசினிக் கதவு இராச்சாப்பாடு முடிந்த பிறகுதான் சாத்தப்படுகிறது. ஆகவே கொஞ்சம் வெட்டியும் ஒட்டியும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவ்வப்போது குறித்து வைத்தவை இவை. ஒழுங்கு எதுவும் கிடையாது.

*

பூனை வீட்டுக்கு வரும் வழி மூன்று. இனசனத்தின் வீட்டில் குட்டி போட்டு, ஒன்றை எங்கள் தலையில் கட்டுவார்கள். சந்தையடியிலோ கோயில் வீதியிலோ யாரோ பையில் போட்டுவிட்டுப் போனதைப் பள்ளிக்கூடப் பிள்ளை தூக்கிக்கொண்டு வரும். மூன்றாவது வகை தானாகவே வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து, தின்றுவிட்டு, போகாமல் இருந்துவிடும். இந்த மூன்றாவது வகைக்கு எந்த உதவியும் தேவைப்படுவதில்லை. அது வருவதற்கு முன்னமே வளவை நாலைந்து இரவு நோட்டம் பார்த்திருக்கும். நாய் எத்தனை மணிக்கு நித்திரை என்பதுகூட அதற்குத் தெரியும். கஷ்டப்படுவது தூக்கிக்கொண்டு வரப்பட்ட பூனை.

*

சாக்கில் கட்டிச் சைக்கிள் கரியரில் வைத்துக் கொண்டுவருவது பழைய வழக்கம். வந்த பாதை தெரிந்தால் திரும்பி ஓடிவிடும், அதனால் கண் தெரியக்கூடாது என்பது நியாயம். திரும்பி ஓடுவது உண்மைதான். நாலைந்து கட்டை தூரத்திலிருந்து பழைய வீட்டுக்கே வந்து நின்ற பூனைகளைப் பற்றிய கதை இல்லாத ஒழுங்கை எங்கள் ஊரில் கிடையாது. ஆனால் சித்திரை வெயிலில் சாக்குக்குள் மூச்சுத் திணறி வந்து இறங்கும் பூனை முதல் ஒரு மணி நேரத்திலேயே உங்களைப் பற்றி முடிவெடுத்துவிடுகிறது. இரண்டு பிளாஸ்ரிக் கூடைகளை வாயோடு வாய் வைத்துக் கயிற்றால் கட்டினால் காற்றும் வரும், கால் நீட்டவும் இடம் இருக்கும். மேலே ஒரு பழைய சாரத்தைப் போர்த்தினால் பெரியவர்கள் சொன்ன ‘கண் தெரியாமல்’ என்பதும் நிறைவேறிவிடும். பழைய வீட்டில் அது படுத்த சாக்கையோ துணியையோ கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். தோய்க்க வேண்டாம்.

*

முதல் இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு அறை. சாமான் அறை போதும். கதவு ஒழுங்காகச் சாத்துப்படவேண்டும். யன்னலுக்குக் கம்பி வலை இருக்கவேண்டும். ஒரு மூலையில் தண்ணியும் சாப்பாடும், எதிர் மூலையில் கழிக்கும் பேசின். பூனை தின்னும் இடத்துக்கு அருகில் கழிக்க விரும்பாது. ஒளிய ஒரு மட்டைப்பெட்டி. ரீவி வந்த பெட்டி நல்லது, குப்புற வைத்து ஒரு வாசல் வெட்டினால் சரி.

பெட்டியைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. நெதர்லாந்தின் உத்ரெக்ற் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு ஒளிய ஒரு பெட்டி கொடுத்தார்கள், மற்றதற்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்தவை சில நாட்களிலேயே பதற்றம் தணிந்தன. கிடைக்காதவைக்கு அதைவிட நெடுநாள் பிடித்தது. ஒளிந்திருக்கிற பூனையைக் கையை விட்டு இழுத்து வெளியே எடுத்து ‘பழக்குகிற’ வேலையைச் செய்யாதீர்கள். அறைக்குள் போய் நிலத்தில் இருந்து புத்தகமோ பேப்பரோ வாசித்தால் போதும். அது வந்து உங்கள் காலை மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். அதுவே அன்றைக்குப் போதுமானது.

பெரியம்மாவுக்கு இதெல்லாம் பிடிப்பதில்லை. “உந்தப் பூனைக்கு ஏன் தம்பி அறையும் பெட்டியும்? அடுப்படியிலை ரெண்டு நாள் கட்டிவிடு, தானாப் பழகும்.” குட்டி என்றால் அவர் சொல்வது பலிக்கும். பூனைக்குட்டி பிறந்து இரண்டாவது கிழமையிலிருந்து ஏழாவது கிழமை வரை எதைக் கண்டாலும் அதைத் தன் உலகத்தில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். அமெரிக்காவின் ரெம்பிள் பல்கலைக்கழகத்தில் அய்லீன் கார்ஷ் 1980களில் இதை நிறுவினார். அந்த வயதில் மனிதக் கை, நாய், கோழி எல்லாம் பழகிய குட்டிக்கு அடுப்படிக் கட்டு ஒரு பொருட்டில்லை. வளர்ந்த பூனையைக் கட்டினால் கயிற்றில் தொங்கும்.

*

காணிச் சண்டையை விளங்கிக்கொள்கிற ஒருவருக்குப் பூனைச் சண்டை விளங்கும். வேலி அடைக்கும்போது கதியாலை அரை அடி தள்ளி நட்டதற்காகத் தலைமுறையாகக் கதைக்காமல் இருக்கிற சகோதரங்கள் எங்கள் ஊர்களில் உண்டு. பூனையின் காணிக்கு வேலி மணம்தான். கன்னத்தாலும் நெற்றியாலும் கதவு நிலையில் தேய்த்து, தூணில் நகம் கீறி, ‘இது என்னுடைய உறுதி’ என்று எழுதி வைத்திருக்கிறது பழைய பூனை. புதிது வந்தவுடனேயே நடு விறாந்தையில் இறக்கிவிடுகிறவர், அடுத்தவன் காணிக்குள் கதியால் நட்டுக் கொடுக்கிறார்.

ஒல்லாந்தர் 1707-இல் எழுத்தில் கொண்டுவந்த யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் காணி விற்கும்போது பங்காளிக்கும் அயலாருக்கும் முதல் உரிமை இருந்தது. அவர்களுக்கு அறிவிக்காமல் வெளியாளுக்கு விற்றால் வழக்கு. பூனைகளும் இந்தச் சட்டத்தைத்தான் பின்பற்றுகின்றன என்று எனக்கு ஒரு எண்ணம். அறிவித்தல் கொடுக்கவேண்டும், அவகாசம் கொடுக்கவேண்டும்.

*

அறிவித்தல் கொடுக்கும் முறை: முதலில் மணம், பிறகு சத்தம், பிறகு கண், கடைசியாகத்தான் தொடுகை. ஒவ்வொன்றுக்கும் நாள் விடவேண்டும்.

பழந்துணி ஒன்றால் புதுப்பூனையின் கன்னத்தைத் தடவி, அதைப் பழைய பூனை போய்வரும் பாதையில் போடுங்கள். அதன் சாப்பாட்டுத் தட்டுக்குக் கீழே வேண்டாம், கொஞ்சம் தள்ளி. பழையதின் துணி புதியதன் அறைக்குள் போகட்டும். துணியைக் கண்டு சீறினால் அடுத்த நாளும் அதே துணி. வாயைக் கொஞ்சம் திறந்து, மேலுதட்டைச் சுருக்கி, என்னவோ யோசிப்பதுபோல் நின்றால் அது மேலண்ணத்தில் இருக்கிற இன்னொரு மணப்பொறிக்கு அந்தச் செய்தியை அனுப்புகிறது. பயப்பட ஒன்றுமில்லை. துணியின் மேல் படுத்துவிட்டால் முதற்கட்டம் முடிந்தது.

பிறகு சாத்திய கதவின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பாடு. முதலில் கதவிலிருந்து எட்ட, நாள் போகப் போகக் கிட்ட. மற்றதின் மணம் வரும்போது வயிறும் நிறைகிறது என்ற கணக்கு இரண்டின் தலையிலும் ஏறவேண்டும். இடையில் ஒரு நாள் பழைய பூனையை வேறு அறையில் விட்டுவிட்டு, புதியதை வீட்டைச் சுற்றிப் பார்க்க விடலாம். வீடு முழுவதையும் மணந்து முடித்து, தன் கன்னத்தையும் இரண்டு இடத்தில் தேய்த்துவிட்டு வரும். பழையது திரும்பி வந்து அதை வாசித்துக்கொள்ளும்.

கண் காட்டுவதற்கு மிளகாய் நாற்றுமேடைக்குப் போடும் வலை நல்லது. கதவு நிலையில் இரட்டையாக அடித்துவிட்டால் பார்க்கலாம், பாய முடியாது. நுளம்பு வலை இந்த வேலைக்கு உதவாது, ஒரே கீறலில் போய்விடும்.

எத்தனை நாள் என்று கேட்பார்கள். குட்டி என்றால் இரண்டு கிழமையிலும் முடியலாம். வளர்ந்த இரண்டு பெட்டைப் பூனைகள் என்றால் மாதக் கணக்கு.

*

சீறலுக்குப் பயப்படுகிறவர்கள் சீறாத பூனைக்குத்தான் பயப்படவேண்டும். சீறுவது ‘கிட்ட வராதே’ என்கிற வெளிப்படையான பேச்சு. அசையாமல், சத்தம் போடாமல், கண் வெட்டாமல் மற்றதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதே, அது தாக்கப் போகிறது. இன்னொன்று கண்ணில் படாத கொடுமை: வழியை மறித்துப் படுத்துக்கொள்வது. பார்க்கிறவர்களுக்கு ஒரு பூனை நிம்மதியாக நடைவாசலில் படுத்திருக்கிறது. உள்ளே இருக்கிறது கழிக்கவும் தண்ணி குடிக்கவும் போக முடியாமல் முழுப் பகலும் அறைக்குள் அடைந்து கிடக்கிறது. தண்ணிச் சட்டியை இரண்டு இடத்தில் வையுங்கள் என்பதற்குக் காரணம் இதுதான்.

சண்டை பிடித்தால் கையை நடுவில் விடக்கூடாது. ஒரு துவாயை மேலே எறியலாம், சட்டி மூடியைத் தட்டலாம். சண்டை பிடித்த பூனையைத் தூக்கி ஆற்ற முயன்றால் அதன் கோபம் உங்கள் கையில் இறங்கும். பூனைக் கடி வெளியே ஊசி குத்தின அளவு, உள்ளே ஆழம். அடுத்த நாளே கை வீங்கும்.

*

பழைய பூனைக்கு எந்தக் குறையும் வரக்கூடாது. நான் சொல்ல விரும்புவது எல்லாம் சுருங்கினால் இவ்வளவுதான். புதியதுக்கு எல்லோரும் பரிதாபப்படுகிறார்கள். பிள்ளைகள் அதன் அறையை விட்டு எழும்புவதில்லை. வழக்கமாக மீன் வெட்டும்போது முதல் துண்டு கிடைத்த பழையது இப்போது இரண்டாவதாக நிற்கிறது. அது படுத்த கட்டிலில் புதியதன் பெட்டி. இப்படி ஒவ்வொன்றாக இழந்த பூனைதான் படுக்கையில் மூத்திரம் பெய்கிறது. ‘பொறாமை’ என்று பெயர் வைத்து அதை அடிக்கிறோம்.

மூத்திரம் என்றதும் ஒன்று. கடுவன் பூனை பேசினுக்குள் போய்ப் போய்க் குந்தி, முக்கி, ஒரு சொட்டும் வராமல் எழும்பினால் அது வயிற்றுக்கட்டு என்று நினைத்து எண்ணெய் பருக்காதீர்கள். மூத்திரக் குழாய் அடைத்திருக்கும். இரண்டு நாள் பொறுத்தால் செத்துவிடும், அன்றைக்கே மிருக வைத்தியரிடம் போகவேண்டும். வீட்டில் ஏற்படும் குழப்பத்துக்கும் இந்த வருத்தத்துக்கும் தொடர்பு உண்டு. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரொனி பஃபிங்ரன் என்கிற மிருக வைத்தியர் இதையே பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கிருமி எதுவும் இல்லாமலேயே பூனையின் சலப்பை அழற்சி கொள்கிறது. மருந்தோடு வீட்டின் ஒழுங்கையும் சரிசெய்தால் குறைகிறது. ஆகவே புதுப்பூனை வந்த வீட்டில் நோய்வாய்ப்படுவது பழைய பூனையாகவும் இருக்கலாம்.

*

நாய். எங்கள் நாய்கள் பகலில் கட்டப்பட்டு இரவில் அவிழ்க்கப்படுகிறவை. ஓடுகிறது எதுவோ அதைத் துரத்துவது அவற்றின் உத்தியோகம். வீட்டுப் பூனையோடு ஒரே சாக்கில் படுக்கிற நாய்தான் அயல் வீட்டுப் பூனையைக் கடித்துக் கொல்கிறது. அதற்கு முரண்பாடாகத் தெரிவதில்லை. வீட்டு மணம் இருக்கிறது வீட்டைச் சேர்ந்தது, மற்றது கள்ளன்.

அதனால் நாய்க்கும் முதலில் துணிதான். பிறகு நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு, நன்றாக ஓட்டிக் களைக்கவைத்த பிறகு, வயிறு நிறைந்த நேரத்தில், எட்ட நின்று காட்டவேண்டும். நாய் பூனையைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்தால் ஒரு கருவாட்டுத் துண்டு. பூனையையே வெறித்துப் பார்த்து உடம்பு இறுகினால் அன்றைக்குப் போதும், திரும்பிப் போகலாம். பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு நாய்க்குக் காட்டுவதுதான் செய்யக்கூடாத வேலை. பூனைக்கு ஓட வழி இல்லை, உங்கள் தோளும் கழுத்தும்தான் ஏறுகிற மரம்.

பூனைக்கு உயரம் கொடுங்கள். பழைய வீடுகளில் பரண் இருந்தது. இப்போதைய பிளாற் வீட்டில் அலுமாரியின் மேல் ஒரு சாக்கு. உயரம் இருக்கிற பூனை ஓடாது. ஓடாத பூனையை நாய் துரத்தாது.

இன்னொன்றும் பலர் கவனிப்பதில்லை. இரவில் நாயை அவிழ்க்கிற நேரம், புதுப்பூனை வெளியே உலாவத் தொடங்குகிற நேரம் இரண்டும் ஒன்றாக இருக்கக்கூடாது. பூனையை மாலையில் சாப்பாடு காட்டி உள்ளே எடுத்துக் கதவைச் சாத்திய பிறகு சங்கிலியைக் கழற்றுங்கள்.

*

கோழிக்கு அந்த மாலைநேரம் இன்னும் மோசம். குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் ஒரு பாட்டில், மாலையில் வேலிப்பக்கம் வெருகுகளைக் கண்டு குஞ்சுகளைக் கூப்பிட்டுக் கதறுகிற வீட்டுக் கோழியை வைத்திருக்கிறார். ஈராயிரம் ஆண்டளவில் எங்கள் வளவுகளில் எதுவும் மாறவில்லை. வேலி, பூனை, கோழி, மாலை எல்லாம் அப்படியே இருக்கின்றன. பூனையின் கண்ணுக்கு விடியற்புறமும் பொழுதுபடும் நேரமும்தான் வேட்டைக்கு வாய்ப்பானவை. ஆகவே கூட்டைப் பொழுது சாய முன்னமே பூட்டவேண்டும்.

குஞ்சோடு திரியும் பேட்டைக் கண்டால் பெரும்பாலான பூனைகள் ஒதுங்கிவிடும். மூக்கில் ஒருமுறை கொத்து வாங்கினது ஆயுசுக்கும் மறக்காது. தாயில்லாமல் வாங்கி வளர்க்கிற குஞ்சுகள்தான் ஆபத்தில் இருப்பவை. கடகத்தைக் கவிழ்த்து மேலே கல் வைத்தால் போதாது, பூனை கையை உள்ளே விட்டு இழுக்கும். சின்னக்கண் வலைக்கூடு வேண்டும்.

ஆட்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆடும் பூனையும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. மாரி காலத்தில் பூனை ஆட்டுக்கொட்டிலில் சூட்டுக்குப் போய்ப் படுக்கும்.

*

சாப்பாடு. புத்தூர் செம்மண் வெங்காயத்துக்குப் பேர்போனது. எங்களிடம் வெங்காயம் இல்லாத கறி கிடையாது. வெங்காயமும் உள்ளியும் பூனைக்கு விஷம். சிவப்பு இரத்த அணுக்களை உடைத்துவிடும். நாய்க்கும் கூடாது, பூனைக்கு அதைவிடக் குறைந்த அளவே போதும். அவித்தாலும் பொரித்தாலும் காய்ந்தாலும் நஞ்சு போவதில்லை. மீன்குழம்புச் சோறும் சொதிச்சோறும் பிசைந்து போட்டு வளர்த்த பூனைகள் சாகவில்லையே என்பார்கள். சோர்ந்து, முரசு வெளிறி, ‘வெயிலுக்குப் படுத்திருக்குது’ என்று விட்ட பூனைகளின் கணக்கை யாரும் எடுத்ததில்லை. குழம்பு வைக்க முன்னம் ஒரு துண்டை வெறும் தண்ணியில் அவித்துத் தனியே எடுத்துவைக்க எவ்வளவு நேரம்?

அவிக்கவேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. சாளை, நெத்தலி போன்ற பல மீன்களின் பச்சைச் சதையில் உயிர்ச்சத்து பி1-ஐ அழிக்கிற பொருள் இருக்கிறது. நாள்தோறும் பச்சை மீனே தின்னும் பூனைக்குக் கழுத்து தொங்கி வலிப்பும் வரும். அவித்தால் அந்தப் பொருள் அழிந்துவிடும். சோறு மட்டும் போட்டும் பூனையை வளர்க்க முடியாது. இறைச்சியிலும் மீனிலும் இருக்கிற ரோரின் என்கிற சத்தைப் பூனையின் உடம்பு தேவையான அளவு தானாகச் செய்யாது. அது குறைந்தால் கண் கெடுகிறது என்பதை 1975-லும் இதயம் கெடுகிறது என்பதை 1987-லும் கண்டுபிடித்தார்கள். நாயின் மாச்சாப்பாட்டைப் பூனைக்கும் பொதுவாகப் போட்டால் இதே குறைதான் வரும்.

பால் வேண்டாம். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது. புது இடத்துக்கு வந்த பதற்றத்தில் ஏற்கெனவே வயிறு குழம்பியிருக்கும், அதற்கு மேல் பாலும் ஊற்றிவிட்டு ‘பேதி போகுது’ என்று குறைசொல்ல முடியாது. பழைய வீட்டில் என்ன தின்றதோ அதையே ஒரு கிழமைக்குக் கொடுங்கள்.

*

“அண்ணை, உங்கடை பூனை எங்கடை பாத்தியைக் கிளறிப்போட்டுது.”

புதுப்பூனை வெளியே விடப்பட்டதும் வேலிக்கு மேலால் வரும் முதல் முறைப்பாடு இதுதான். புதிதாகக் கொத்தி நீர் கட்டிய வெங்காயப் பாத்தியைவிடப் பூனைக்குப் பிடித்த மலசலகூடம் உலகத்தில் இல்லை. அயலவர் சொல்வதில் நியாயம் உண்டு. பூனையின் மலத்தில் சில வேளை இருக்கிற ஒரு நுண்ணுயிர் கர்ப்பிணிப் பெண்ணின் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடியது. அது ஒன்றிலிருந்து ஐந்து நாள் மண்ணிலோ பேசினிலோ கிடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வருகிறது. ஆகவே பேசினை நாள்தோறும் துப்புரவாக்கினால் ஆபத்து பெரும்பாலும் போய்விடும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை ஆம்பிளையள் செய்யட்டும்.

பேசினுக்குள் போட மரக்காலையில் கிடைக்கும் மரத்தூள், இல்லையென்றால் தும்புத்தூள். எங்கள் செம்மண்ணைப் போட்டால் வீட்டுத் தரை முழுவதும் காலடி அச்சு. பேசின் பூனைக்கு ஒன்று வீதமும் மேலதிகமாக ஒன்றும் என்பது பொதுவான கணக்கு. பெரியவர்களுக்குச் சிரிப்பு வரும். வெளியே இறங்கித் திரியும் பூனைகளுக்குக் கொல்லைப்புறத்தில் ஒரு மூலையை அடிக்கடி கொத்தி இளக்கி வைத்திருங்கள். அயலவரின் பாத்தி தப்பும்.

*

பனடோல். தனியாக எழுதுகிறேன். காய்ச்சல் அடிக்கிற பூனைக்குக் கால் குளிசை, அரைக் குளிசை என்று கரைத்துப் பருக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பரசிற்றமோலை உடைத்து வெளியேற்றுகிற வழி பூனையின் ஈரலில் சரிவர இல்லை. ஒரு குளிசை ஒரு பூனையைக் கொல்லும். நாய்க்கு உண்ணி போக முதுகில் ஊற்றும் மருந்துகளில் பேர்மெத்ரின் உள்ளவையும் அப்படித்தான். மருந்து ஊற்றிய நாயோடு ஒட்டிப் படுத்தாலே பூனைக்கு நடுக்கம் எடுக்கலாம். பல பிராணி இருக்கிற வீட்டில் ஒன்றின் மருந்து மற்றதுக்குக் காலன்.

*

1995 ஒக்ரோபரில் இராணுவத்தின் ரிவிரெச நடவடிக்கை பலாலியிலிருந்து அச்சுவேலி, ஆவரங்கால், புத்தூர்ப் பக்கம் இறங்கியபோது எங்கள் ஆட்கள் கையில் அகப்பட்டதோடு எழும்பினார்கள். 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தது. மாட்டுக் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போனார்கள், கோழிக்கூட்டைத் திறந்துவிட்டுப் போனார்கள். நாய்கள் கொஞ்சத் தூரம் பின்னால் வந்தன என்பார் பெரியம்மா. பூனை வரவில்லை. 1996-இல் திரும்பி வந்தபோது கூரை இல்லாத அடுப்படியில் அதே பூனை இருந்ததாம். மெலிந்து, ஆரையும் கிட்ட விடாமல்.

அதைச் சொல்லும்போது பெரியம்மா பூனையைப் புகழ்வதில்லை. “வீட்டைப் பாத்துக்கொண்டு கிடந்துது, எங்களை இல்லை” என்பார். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பூனைக்குத் தெரிந்த உறவு இடத்தோடு. அந்த இடத்திலிருந்து பிடுங்கி எடுத்து வந்த பூனைக்கு அன்பு காட்டுவதற்கு முதல் இடம் காட்டவேண்டியிருப்பது அதனால்தான்.

*

பூனையைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறவுங்கள். சசெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தார் 2020-இல் இதைச் சோதித்தார்கள். அப்படிச் செய்த முன்பின் தெரியாத ஆளிடம்கூடப் பூனைகள் கூடுதலாகக் கிட்ட வந்தன. செலவில்லாத வேலை.

பெயர் வைத்தால் அதையே கூப்பிடுங்கள். பூனைக்குத் தன் பெயர் தெரியும் என்று ஜப்பானில் அற்சுகோ சைற்றோ குழுவினர் 2019-இல் காட்டினார்கள். கூப்பிட்டால் வருமா என்பது வேறு விஷயம்.

*

குப்பைமேனி எங்கள் வேலிக்கரையெல்லாம் தானாக முளைக்கிறது. வேரோடு பிடுங்கிய கையோடு அந்த வேரைப் போட்டால் பல பூனைகள் அதில் புரண்டு, தேய்த்து, வெறிகொண்டதுபோல் நிற்கும். மேலைநாட்டார் இதற்காக வேறொரு செடியைக் காயவைத்துப் பைக்கற்றில் விற்கிறார்கள். அறைக்குள் அடைபட்டுச் சலித்த புதுப்பூனைக்கு எப்போதாவது ஒரு வேர் நல்ல பொழுதுபோக்கு. தின்ன விடவேண்டாம், மணந்து புரண்டதும் எடுத்துவிடலாம். இரண்டு பூனையும் ஒன்றாக நிற்கும்போது போடவே கூடாது, வெறியில் சண்டை வரும்.

*

கிணறு. ஆறில்லாத சுண்ணாம்புக்கல் நாடு எங்களது. வளவுக்கு ஒரு கிணறு, தோட்டத்துக்கு ஒரு கிணறு. நவக்கிரி நிலாவரையைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், எங்களுக்குப் பின்வளவுக் கிணறே பயம். நாய் துரத்த, இடம் பழகாத பூனை பாய்ந்து ஏறுவது கிணற்றுக் கட்டில்தான். கட்டில்லாத தோட்டக் கிணறு என்றால் நேரே உள்ளே. முதல் நாள் வெளியே விடமுன்னம் கிணற்றுக்கு வலை போடுங்கள். அதோடு முடிச்சு முடிச்சாகச் சாக்குக் கட்டிய ஒரு கயிறு தண்ணி வரைக்கும் தொங்கட்டும். விழுந்தாலும் பிடித்து ஏறும்.

வெளியே விடுவதைச் சாப்பாட்டுக்கு முதல் வைத்துக்கொள்ளுங்கள். பசி இருக்கிற பூனை திரும்பி வரும்.

*

புதிதாக வந்ததை மற்றவையோடு சேர்க்க முன்னம் இரண்டு கிழமை பிரித்து வைப்பதற்குப் பழக்கம் மட்டும் காரணமில்லை. பூனைத் தடிமன், தெள்ளு, படர்தாமரை, குடற்பூச்சி எல்லாம் கூடவே வரலாம். பூனைகளின் குடலைத் தாக்கும் பார்வோ வகை நச்சுயிரி மண்ணில் ஒரு வருடம்கூட உயிரோடு கிடக்கும். முன்பு ஒரு குட்டி வாந்தியும் பேதியுமாகச் செத்த வளவு என்றால் தடுப்பூசி போடாத குட்டியை அங்கே கொண்டுவரவேண்டாம்.

விசர்நோய் நாயால் மட்டும் வருவதில்லை. பூனையின் கடியாலும் வரும். இலங்கையில் 1973-இல் 377 பேர் இந்த நோயால் செத்தார்கள். பிறகு அந்தத் தொகை பெரிதும் இறங்கியதற்கு நாய்களுக்குத் தடுப்பூசி பரவலானது முக்கிய காரணம். பூனைக்கு ஊசி போடுகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் குறைவு. முன்கதை தெரியாத பூனை கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணியில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மஞ்சள் அப்பிக்கொண்டு இருக்கக்கூடாது.

*

குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் பூனை சூல் கொள்வது நின்றுவிடும். நாங்கள் இருக்கிற இடத்தில் பகலின் நீளம் வருடம் முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. அதனால் இங்கே பூனைக்கு ஓய்வு மாதம் இல்லை. ஒன்பது கிழமையில் குட்டி, பால் மறக்க முன்னமே அடுத்தது. ஐந்தாறு மாதப் பெட்டைக்குட்டியும் சினைப்படும். பையில் கட்டிச் சந்தையடியில் விடப்படும் குட்டிகள் இப்படித்தான் உண்டாகின்றன. இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கு ஒரு சரணாலயம் நடத்துகிறது. குட்டிப் பூனைகளை எங்கள் பக்கத்தில் இன்னும் அயல் அடுப்படிகள்தான் ஏற்கின்றன, அவையும் நிறைந்துவிட்டன. கருத்தடை செய்த பூனைகள் இருக்கிற வீட்டில் புதியதைச் சேர்ப்பதும் இலகு. கடுவன் சுவரில் மூத்திரம் பீச்சுவது பெரும்பாலும் நிற்கும், இரவுச் சண்டை குறையும்.

*

எங்கள் வீட்டுக் கிழட்டுப் பூனையும் புதியதும் சிநேகிதராகவில்லை. ஒன்று விறாந்தையை வைத்துக்கொண்டது, மற்றது அடுப்படியை. நடைவாசலில் எதிர்ப்பட்டால் ஒன்று மற்றதுக்கு வழிவிடுகிறது. இரண்டும் ஒன்றாகச் சுருண்டு படுத்திருக்கிற படத்தை எதிர்பார்த்துப் பூனை எடுக்கிறவர்கள் ஏமாறுவார்கள். இரண்டும் தின்கின்றன, கழிக்கின்றன, பயமில்லாமல் நித்திரை கொள்கின்றன. எனக்கு இது காணும்.

பூனை எடுக்க யோசிக்கிறவர்களுக்கு ஒன்று. கூடையும் பெட்டியும் தேட முன்னம், உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் எந்த நாள் வரவேண்டும் என்று கேட்டு எழுதி வையுங்கள். போகும்போது வீட்டில் ஏற்கெனவே இருப்பதையும் கொண்டு போங்கள்.